‘இடையிடையே’ வீசும் காற்று

புயல் சின்னம் உருவாகும் நாட்களில் வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும். கேட்டுப் பழகிய காதில் எண்கள் மட்டுமே விழுகின்றன. நடுவில் நிற்கும் ‘இடையிடையே’ என்ற சொல் நழுவிவிடுகிறது. உயரமான பாலத்தில் வண்டி ஓட்டிப் போகிறவருக்கு உயிர்ச் செய்தி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. சீராக வீசும் காற்றுக்கு வண்டியும் பழகும், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கையும் பழகும். இரண்டு மூன்று நொடிகள் மட்டும் திடீரென்று எழுந்து அடங்கும் வீச்சுக்குப் பழகவே முடியாது. காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. 45-லிருந்து 65-க்கு வேகம் ஏறும்போது விசை இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. கேட்பதற்குச் சிறிய வித்தியாசமாகத் தெரியும் அந்த இருபது கிலோமீட்டர், வண்டியின் பக்கச் சுவரில் இரண்டாவது ஒரு காற்றே வந்து சேர்ந்துகொண்டது போல மோதும். அந்த நொடி எப்போது வரும் என்று வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே, பலத்த காற்றில் பாலத்தைக் கடப்பதா வேண்டாமா என்ற முடிவை ஓட்டுநரிடம் விடக்கூடாது. காற்றை அளக்கும் கருவியும் முன்கூட்டியே எழுதி வைத்த எண்ணும்தான் அதைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

காற்றும் பாலமும் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பாலமே ஆடி உடைந்து விழும் காட்சி. அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம், திறந்து நான்கே மாதமான நிலையில், 1940 நவம்பர் 7 அன்று மணிக்கு 65 கிலோமீட்டர் அளவிலான காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்ததைப் படமாகப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பாலத்தைக் காற்றிலிருந்து காப்பாற்றும் கலையைப் பொறியாளர்கள் பெருமளவு கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். இன்னும் முழுமையாகத் தீராதது பாலத்தின் மேல் ஓடும் வண்டியின் சிக்கல். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தைவிட நல்ல இடம் கிடையாது. எடின்பரோவுக்கு மேற்கே, ஃபோர்த் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற நீர்ப்பரப்பின் மீது மூன்று பாலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1890-ல் திறந்த ரயில் பாலம், 1964-ல் திறந்த தொங்கு சாலைப் பாலம், 2017-ல் திறந்த குயின்ஸ்ஃபெர்ரி பாலம். மூன்றும் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகின்றன. அங்கே அதிகம் வீசுவது மேற்கும் தென்மேற்கும். காற்று ஒவ்வொரு முறையும் வண்டியின் விலாவைத் தேடியே வருகிறது.

அந்த ரயில் பாலத்தின் பிறப்பே ஒரு காற்று விபத்தின் நிழலில்தான். 1879 டிசம்பர் 28 இரவு, வடக்கே டண்டீ நகரை ஒட்டிய டே பாலம் புயலில் சரிந்தபோது, அதன் மேல் போய்க்கொண்டிருந்த ரயிலும் ஆற்றுக்குள் போனது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பௌச் காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாகக் கணக்கு வைக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அதன்பின் ஃபோர்த் ரயில் பாலத்துக்கு, ஒவ்வொரு சதுர அடிக்கும் 56 பவுண்டு காற்றழுத்தம் தாங்க வேண்டும் என்று விதித்தார்கள். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 273 கிலோ. பாலத்தின் பொறியாளர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கழிமுகத்தின் நடுவே இருக்கும் இஞ்ச்கார்வி என்ற சிறு தீவில் காற்றை அளக்கும் பலகைகளை நிறுத்தினார். ஒன்று 300 சதுர அடிப் பெரும்பலகை. அதன் பக்கத்தில் ஒன்றரைச் சதுர அடி கொண்ட சிறு பலகைகள். பல ஆண்டு அளவீட்டில் ஒரு விஷயம் தெளிவானது: சதுர அடிக் கணக்கில் பார்த்தால் சிறு பலகை காட்டிய அழுத்தம் எப்போதும் பெரும்பலகை காட்டியதைவிட அதிகம். காற்றின் உச்ச வீச்சு சிறிய அளவுள்ள ஒரு குத்து. பரந்த பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே பலத்தோடு அது அடிப்பதில்லை.

பேக்கரின் பலகைகளை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாலத்துக்கு, காற்றின் வீச்சு அங்கங்கே விழும் சிறு குத்துகளின் கூட்டம். ஒன்றை இன்னொன்று சமன் செய்யும். லாரிக்கு அப்படி இல்லை. நாற்பது அடி கன்டெய்னரின் பக்கச் சுவரை அளந்தால் ஏறக்குறைய 340 சதுர அடி வரும். பேக்கரின் பெரும்பலகைக்கு ஏறத்தாழச் சமம். அதாவது வீச்சு வந்தால் வண்டியின் பெரும்பகுதியை ஒரே வாயில் விழுங்கிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு 46, 47 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. ஃபோர்த் ரயில் பாலத்துக்கு விதித்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. பாலத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அதே காற்று கன்டெய்னரின் சுவர் மீது ஏறத்தாழ ஒன்றரை டன் எடையைக் கிடைமட்டமாக வைத்துத் தள்ளுகிறது. தள்ளும் இடமோ தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே. சரக்கு நிரம்பிய வண்டி தாக்குப் பிடிக்கும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் கூண்டோடு திரும்பும் வண்டிதான் சாயும். வெற்று வண்டி என்பதால் கவலையில்லாமல் ஓட்டலாம் என்று நினைக்கும் நேரமே ஆபத்து அதிகம் உள்ள நேரமாக இருக்கிறது.

சமதரையில் இதே காற்று இவ்வளவு கொடுமையாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரையில் வீடும் மரமும் மேடும் காற்றின் காலைப் பிடித்து இழுக்கின்றன. நீர்ப்பரப்பில் அந்தத் தடை இல்லை. உயரம் கூடக் கூட வேகமும் கூடுகிறது. கப்பல் போக வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான கடற்பாலங்களின் நடுப்பகுதி உயர்ந்திருப்பதால், வண்டி ஏறி நிற்கும் உச்சிதான் காற்று அதிகம் வீசும் இடம். அங்கேதான் பாலத்தின் கோபுரமும் நிற்கும். விலாவில் காற்று வாங்கிக்கொண்டே போகும் ஓட்டுநர், வண்டி நேராகப் போவதற்காக ஸ்டீயரிங்கைக் காற்று வரும் பக்கமாகச் சற்றே திருப்பிப் பிடித்திருப்பார். கோபுரத்தின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று அரை நொடி அற்றுப்போகிறது. திருப்பிப் பிடித்த ஸ்டீயரிங் வண்டியை அந்தப் பக்கமாக இழுக்கிறது. அதைச் சரிசெய்ய அவர் மறுபக்கம் திருப்பும்போதே மறைவு முடிந்து, காற்று மறுபடி முழுப் பலத்தோடு அடிக்கிறது. தன் கையும் காற்றும் சேர்ந்து இப்போது ஒரே பக்கம் தள்ளுகின்றன. இதில் ஓட்டுநரின் தவறு என்று சொல்ல எதுவும் இல்லை. மனிதக் கை எதிர்வினை செய்ய எடுக்கும் நேரத்தைவிட அந்த மாற்றம் வேகமானது, அவ்வளவுதான்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். இருபது, முப்பது வருடம் லாரி ஓட்டியவருக்குக் காற்றைத் தெரியாதா? அவரை நம்பாமல் ஒரு கருவியை நம்புவது அனுபவத்தை அவமதிப்பது ஆகாதா? அனுபவத்தின் மதிப்பை நான் குறைக்கவில்லை; அது எதன் மேல் வளர்ந்தது என்பதைத்தான் கேட்கிறேன். ஆயிரம் முறை பாலத்தைக் கடந்தவர், ஆயிரம் முறையும் பத்திரமாகக் கடந்தவர். வண்டியைக் கவிழ்க்கும் வீச்சு அவருடைய அனுபவத்துக்குள் வந்ததே இல்லை. வந்திருந்தால் அவர் அனுபவம் அன்றோடு முடிந்திருக்கும். மேலும், பாலத்தில் ஏறும் இடத்தில் காற்று அடங்கியிருப்பதும் நடுவே போனபின் அடிப்பதும் வழக்கம். அங்கே நின்று யோசிக்கவோ திரும்பவோ இடமில்லை. சரக்கை இத்தனை மணிக்குள் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி ஓட்டுநர் மேல் இருக்கிறது. தாமதத்தின் செலவு அவர் தலையில் விழுகிறது. இத்தனையும் சேர்ந்து நிற்கும் ஒருவரிடம், உன் விருப்பம் என்று விட்டுவிடுவது அவருக்குத் தரும் மரியாதை ஆகாது. பொறுப்பை அவர் தோளில் தள்ளிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதாகவே ஆகும்.

2017 ஜனவரி 11 அதிகாலை ஃபோர்த் சாலைப் பாலத்தில் நடந்தது இதற்குச் சான்று. காற்று பலத்ததால் உயரமான வண்டிகள் பாலத்தில் ஏறக்கூடாது என்ற தடை அப்போது அமலில் இருந்தது. தடையை மீறி ஏறிய லாரி ஒன்று கவிழ்ந்து, இரு திசைகளையும் பிரிக்கும் நடுத் தடுப்பின் மேல் விழுந்தது. பாலம் ஏறக்குறைய நாள் முழுக்க மூடிக் கிடந்தது. அத்தனை நேரம் ஆனதற்கும் காற்றே காரணம்: விழுந்த வண்டியைத் தூக்கக் கிரேன் வேண்டும், கிரேனும் உயரமான வண்டிதானே, அது வேலை செய்ய வேண்டுமானால் முதலில் காற்று அடங்க வேண்டும். ஒரு லாரி சில மணி நேரம் காத்திருக்க மறுத்ததற்கு, ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியே ஒரு பகல் முழுவதும் காத்திருந்தது. கவிழும் வண்டி தன் ஓட்டுநரை மட்டும் பாதிப்பதில்லை என்பதால்தான், அவரவர் துணிச்சல் அவரவர் பாடு என்ற பேச்சு பாலத்தில் எடுபடாது. இன்னொன்றும் இந்தச் சம்பவத்திலிருந்து தெரிகிறது. தடை போட்டால் மட்டும் போதாது; தடை போட்ட வண்டி பாலத்தின் வாயிலுக்கு வந்து சேராதபடி அதை முன்னாலேயே நிறுத்தவும் ஆளும் இடமும் வேண்டும்.

சரி, எந்தக் காற்றில் எதை நிறுத்துவது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடுவது எளிது. ஆனால் அது தேவையற்ற கடுமை. காருக்கு ஆபத்தில்லாத காற்றில் காரை நிறுத்தினால் மக்கள் விதியின் மேலேயே நம்பிக்கை இழப்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள மேக்கினாக் பாலம் 1957 முதல் இயங்குகிறது. அங்கே பின்பற்றும் விதி, எண்களின் படிக்கட்டு. காற்று மணிக்கு 20 மைலைத் தொட்டதும் எச்சரிக்கை. 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் அளவை எட்டியதும் உயரமான வண்டிகளைத் தனியாக நிறுத்தி, பாலத்தின் ரோந்து வண்டி முன்னே போக, மணிக்கு 20 மைல் வேகத்தில் அழைத்துப் போகிறார்கள். 50 மைலில் உயரமான வண்டிகளுக்குத் தடை, கார்கள் போகலாம். 65 மைலை, நம் கணக்கில் 105 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலம் எல்லோருக்கும் மூடும். இந்தப் படிக்கட்டின் அழகு, அதில் யாருடைய மனநிலைக்கும் வேலை இல்லை என்பதே. பணியில் இருக்கும் அதிகாரி தைரியசாலியா, பயந்தவரா, அன்றைக்கு மேலிடத்திலிருந்து அழைப்பு வந்ததா என்பதெல்லாம் எண்ணை மாற்றாது. தடுத்து நிறுத்தும் காவலருக்கும் அதுவே கவசம்: ‘நான் நிறுத்தவில்லை ஐயா, காற்று 52 காட்டுகிறது’ என்று அவர் ஓட்டுநரிடம் சொல்ல முடிகிறது.

வேகத்தைக் குறைத்து அழைத்துப் போவது எதற்கு என்பதில் ஒரு குழப்பம் உண்டு. மெதுவாகப் போனால் காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்போமே, சட்டென்று கடந்துவிடுவதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. பக்கவாட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், இரண்டும் கூடி வண்டி உணரும் காற்று 100 கிலோமீட்டர் வேகத்தில், மூலைவாட்டில் வரும். வண்டியின் வேகத்தை 30-ஆகக் குறைத்தால் அந்த 100 என்பது 85 ஆகிறது. விசை இருமடிப்படி மாறுவதால், காற்று தரும் அழுத்தம் கால் பங்குக்கும் மேல் குறைகிறது. அத்துடன், ஒரு நொடியில் 80 கிலோமீட்டர் வேக வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேக வண்டி 8 மீட்டர்தான். வண்டி தடம் விலகினால் கையைச் சரிசெய்து திரும்ப, அந்த இடைவெளிதான் உயிர். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியின் மேலும் அந்த 80 கிலோமீட்டர் காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். மெதுவாகப் போவது ஓரளவுதான் உதவும். அந்த அளவைத் தாண்டினால் போகாமல் இருப்பது ஒன்றே வழி.

இந்த அறிவை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்த ஒரு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. இப்ஸ்விச் நகரை ஒட்டி 1982-ல் திறந்த ஆர்வெல் பாலம், ஃபெலிக்ஸ்டோ என்ற பெரிய கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போகும் ஏ14 நெடுஞ்சாலையின் முக்கியக் கண்ணி. பலத்த காற்றில் அதை மூடினால், கன்டெய்னர் லாரிகள் எல்லாம் நகரத் தெருக்களுக்குள் பாயும். இப்ஸ்விச் மக்கள் இதனால் பட்ட அவதி பெரியது. இரண்டாவது ஆட்சேபத்துக்கு இந்த ஊரே சாட்சி. பாலத்தில் ஒரு லாரியைக் காப்பாற்றுவதற்காக, பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் உள்ள சாலையில் நூறு லாரிகளை விடுவது பாதுகாப்பா? நியாயமான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதற்கு அங்கே கிடைத்த பதில், விதியைத் தளர்த்துவதாக அமையவில்லை; விதியைக் கூர்மையாக்குவதாக அமைந்தது. பாலத்தின் மேல் காற்று எப்படிப் பாய்கிறது என்று பல்கலைக்கழக ஆய்வு நடத்தி, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாலத்தின் நீளவாட்டில் வரும் காற்றும் குறுக்காக வரும் காற்றும் ஒரே வேகமானாலும் ஒரே ஆபத்து அல்ல. மின்னணுப் பலகைகள் வைத்து வேக வரம்பை மணிக்கு 40 மைலாகக் குறைத்தால், முன்பு மூட வேண்டியிருந்த காற்றிலும் ஓரளவு வரை திறந்து வைக்கலாம் என்று கண்டு, அப்படியே செய்தார்கள். மூடும் நேரம் குறைய வேண்டுமென்றால் அளவீடு கூட வேண்டும். வணிகர்களின் நஷ்டத்துக்கும் நகரவாசிகளின் அவதிக்கும் மருந்து இன்னும் துல்லியமான எண்தான். துணிந்து திறந்து வைப்பது மருந்தாகாது.

மூன்றாவது ஆட்சேபம் பொறியியல் சார்ந்தது: இத்தனை பாடு எதற்கு, பாலத்தின் இருபுறமும் காற்றுத் தடுப்பு கட்டிவிட்டால் போதாதா? புதிய பாலங்களில் அதைச் செய்துதான் இருக்கிறார்கள். இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் இரண்டாவது செவர்ன் பாலம் 1996-ல் தடுப்புகளோடு திறந்தது. 1966-ல் திறந்த பழைய செவர்ன் பாலம் காற்றுக்காக அடிக்கடி மூடப்படும் நாட்களிலும் புதியது ஓடிக்கொண்டிருக்கும். குயின்ஸ்ஃபெர்ரி பாலத்திலும் அப்படியே. இந்தத் தடுப்புகள் கெட்டிச் சுவர்கள் அல்ல. இடைவெளி விட்டுப் பொருத்திய பட்டைகள். காற்றை முழுவதும் மறிக்காமல், அதன் வேகத்தை உடைத்து அனுப்புகின்றன. கெட்டிச் சுவர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டகோமா நேரோஸ் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பாலத்தின் பக்கங்களில் காற்று ஊடுருவ வழியில்லாத இரண்டரை மீட்டர் உயர எஃகுத் தகடுகள் இருந்தன. பாலத்தை முறுக்கி ஆட்டும் சுழல்களை அவையே பிறப்பித்தன. மேக்கினாக் பாலத்தின் உள்தடங்களில் காற்று கீழிருந்து மேலே புகுந்து போகட்டும் என்று எஃகுக் கம்பி வலையையே தளமாக்கியதும் அந்தப் பாடத்தைப் படித்துத்தான். ஆகவே, பழைய தொங்கு பாலங்களில் பிற்பாடு தடுப்பை ஒட்ட வைப்பது வீட்டுக்கு மதில் கட்டுவது போன்ற வேலை அல்ல. வண்டிக்குக் குறைத்த காற்றைப் பாலம் வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு அதன் கம்பிகளும் தளமும் இடம் தர வேண்டும். தடுப்பு வைத்த பாலத்துக்கும் எல்லை உண்டு. 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயல் வந்தபோது இரண்டு செவர்ன் பாலங்களுமே மூடப்பட்டன. தடுப்பு, படிக்கட்டின் எண்களை உயர்த்தும். படிக்கட்டை இல்லாமல் ஆக்காது.

எண்ணை எழுதி வைத்தாலும் அது எந்த வண்டியை நினைத்து எழுதப்பட்டது என்பது முக்கியம். டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் 2019 ஜனவரி 2 காலை நடந்த விபத்து இதைக் கசப்போடு கற்பித்தது. சாலைப் போக்குவரத்துக்குக் காற்று விதி, ரயிலுக்கு வேறு விதி என்று இருந்த அந்தப் பாலத்தில், சரக்கு ரயிலில் ஏற்றியிருந்த லாரி ட்ரெய்லர் ஒன்று காற்றில் தன் இடத்தை விட்டு நகர்ந்து, எதிரே வந்த பயணிகள் ரயில் மேல் மோதியது. எட்டுப் பேர் இறந்தனர். ட்ரெய்லர் வேகனோடு பூட்டப்படாமல் இருந்ததை விசாரணை கண்டறிந்தது. ரயில் கனமானது, காற்றுக்கு அஞ்ச வேண்டாம் என்ற கணக்கில் ரயில் மேல் ஏறிய லாரியின் சுவர் சேரவே இல்லை. அதன்பிறகு அங்கே சரக்கு ரயில்களுக்கான காற்று வரம்பைக் கடுமையாக்கினார்கள். விதி எழுதுபவர் முன்னால் இருக்க வேண்டிய படம், அந்தச் சாலையில் உண்மையிலேயே ஓடும் வண்டிகளின் படம்.

அப்படிப் பார்த்தால் நம் நாட்டுக் கடற்பாலங்களின் படம் வேறு. மும்பையின் பாந்த்ரா வர்லி கடல் பாலத்தில் இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியே இல்லை. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது அதை முழுவதும் மூடினார்கள். பாம்பன் சாலைப் பாலம் அப்படி அல்ல. 1988-ல் திறந்த, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம்தான் ராமேஸ்வரம் தீவின் ஒரே சாலை. மீன் ஏற்றிய கூண்டு லாரியும், யாத்திரைப் பேருந்தும், ஷேர் ஆட்டோவும், குழந்தையை முன்னால் உட்கார வைத்த மோட்டார் சைக்கிளும் ஒரே தளத்தில் போகின்றன. நடுவில் கடல் பார்க்க வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்களும் உண்டு. இங்கே காற்றுக்கு முதல் பலி லாரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. புடவைத் தலைப்பும் மழைக்கோட்டும் படகின் பாய்போல் விரியும் இருசக்கர வண்டியே முதலில் தடுமாறும். அதனால் மேக்கினாக்கின் எண்ணையோ ஆர்வெல்லின் எண்ணையோ அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. பாம்பனின் எண்ணைப் பாம்பனில்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்குப் புதிதாக ஒரு மனப்பழக்கத்தை உண்டாக்க வேண்டிய தேவை அங்கே இல்லை என்பதுதான் என் நம்பிக்கைக்குக் காரணம். உலகில் வேறெங்கும் காண்பதற்கு அரிய அளவுக்கு, பாம்பன் மக்கள் எண்ணுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள். துறைமுகத்தில் ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அதன் பொருள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்று பலத்தால் மீன்வளத் துறை டோக்கன் தராது. டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஒரு நாள் வருமானம் போகிறது என்ற வருத்தம் இருந்தாலும், அந்த முடிவு ஒவ்வொரு படகோட்டியின் வீரத்துக்கு விடப்பட்ட பரீட்சை அல்ல என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ரயிலைப் பயணிகளோடு கொண்டுபோனபின், ரயிலுக்கும் ஓர் எண் வந்தது. 2022 வரை ரயில் ஓடிய, நூற்றாண்டு கண்ட பழைய ரயில் பாலத்தில் காற்றுமானி மணிக்கு 58 கிலோமீட்டரைக் காட்டினால் சிக்னல் தானாகவே சிவப்பானது. ரயில் ஓட்டுநரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. படகுக்குக் கூண்டும் டோக்கனும், ரயிலுக்குச் சிவப்பு சிக்னலும் என்று காற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஊரில், சாலைக்கும் அதே தரத்தில் ஓர் எண் பலகை எரிய வேண்டும். புயல் நெருங்கும்போது போலீசார் போக்குவரத்தை நிறுத்துவது நல்லதுதான். ஆனால் புயல் என்று பெயர் சூட்டப்படாத சாதாரணக் காற்று நாட்களில்தான் ‘இடையிடையே’ என்ற சொல் யாரும் கவனிக்காமல் வேலை செய்யும்.

அந்தப் பலகையைப் பாலத்தின் வாயிலில் வைப்பதால் பயன் குறைவு. அங்கே வந்து சேர்ந்த லாரிக்குப் பின்னால் இருபது வண்டிகள் நிற்கும், திரும்ப இடமிருக்காது, ஹாரன் சத்தம்தான் முடிவெடுக்கும். கரைப் பக்கம் மண்டபம் ஊருக்கு முன்பாகவும், தீவுப் பக்கம் பாம்பன் ஊருக்கு முன்பாகவும், வண்டி ஒதுங்க விரிந்த இடம் பார்த்து அது நிற்க வேண்டும். மாற்றுச் சாலை இல்லாத தீவில் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே காத்திருக்கும் இடத்தில் தண்ணீரும் கழிப்பறையும், பனிக்கட்டி உருகும் மீன் லாரிக்கு ஐஸ் கிடைக்க ஏற்பாடும் இருந்தால்தான் ஓட்டுநர் மனம் ஒப்பி நிற்பார். பலகையில் தடை என்ற சொல் மட்டும் போதாது. பாலத்தின் உச்சியில் இப்போது வீசும் காற்று எவ்வளவு, கடந்த பத்து நிமிடத்தில் எழுந்த அதிகபட்ச வீச்சு எவ்வளவு, எந்த எண்ணுக்குக் கீழே எத்தனை நிமிடம் தொடர்ந்து இருந்தால் வண்டிகளை விடுவார்கள் என்ற மூன்றும் அதில் தெரிய வேண்டும். ஒரு முறை குறைந்ததும் திறந்து, மறு வீச்சில் மூடினால், பாதி வழியில் இருக்கும் வண்டிகளுக்கு அது இன்னும் கேடு. அதனால்தான் திறக்கும் எண் மூடும் எண்ணைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். திறந்தபின் முதலில் கார், பிறகு பேருந்து, பிறகு சரக்கு நிரம்பிய லாரி, இருசக்கர வண்டியும் வெற்றுக் கூண்டு வண்டியும் கடைசியில்.